ஹலோவீன் விருந்து மேசை: அச்சம் தோற்றத்தில் மட்டும் இருக்கட்டும்

ஒக்டோபர் பிறந்ததும் கனடாவின் கடை வாசல்களில் செம்மஞ்சள் நிறப் பூசணிக்காய்கள் குவியத் தொடங்கிவிடும். அயல்வீட்டு முற்றங்களில் பஞ்சினால் ஆன சிலந்தி வலைகள் தொங்கும். பாடசாலையிலிருந்து பிள்ளைகள் ஒரு துண்டுக் காகிதத்துடன் வருவார்கள்: 31ஆம் திகதி வகுப்பில் ஹலோவீன் விருந்து, விரும்பினால் வீட்டிலிருந்து ஒரு தின்பண்டம் அனுப்பலாம். வீட்டில் ஒருவர் புற்றுநோய்ச் சிகிச்சையிலோ, இரத்தச் சுத்திகரிப்பிலோ, பக்கவாதத்திலிருந்து மீண்டுவரும் நிலையிலோ இருக்கும்போது அந்தத் துண்டுக் காகிதம்கூடப் பெரிய கேள்வியாகிவிடுகிறது. இந்த ஆண்டு கொண்டாட்டம் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவதா? அல்லது பிள்ளைகளுக்கு ஒரு சமையல், நோயாளிக்கு வேறொரு சமையல் என்று பிரித்து, அவரைத் தனியே அமர்த்திவிடுவதா?

இரண்டுமே தேவையில்லை என்பது எமது கருத்து. ஹலோவீன் உணவின் வேடிக்கை முழுவதும் அதன் தோற்றத்தில் உள்ளது. பேய் வடிவில் குவிக்கப்பட்ட உருளைக்கிழங்கு மசியல் நாவுக்கு உருளைக்கிழங்கு மசியல்தான்; கண்ணுக்கு மட்டுமே அது பேய். ஆகவே நோயாளி எதை உண்ணலாம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அந்த உணவுக்கே வேடமிட்டுவிடலாம். குடும்பம் முழுவதும் ஒரே மேசையில் ஒரே உணவை உண்ணலாம். வேடமிடும்போது சேர்க்கப்படும் நிறங்கள், இனிப்புகள், அலங்காரங்கள் ஆகியவற்றில்தான் கவனிக்க வேண்டிய பல செய்திகள் மறைந்துள்ளன. அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கத்தின் வேர்

எமது மூத்தவர்கள் சிலர், "நோயாளி இருக்கும் வீட்டில் பேய் பிசாசு எதற்கு? மங்கலமான காரியமா இது?" என்று மனம் வருந்துவதுண்டு. அவர்களின் தயக்கத்தை எள்ளி நகையாடக் கூடாது. எனினும் இவ்வழக்கத்தின் வேரை அறிந்தால் தயக்கம் ஓரளவு தணியலாம். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த கெல்ரிய மக்கள் அறுவடைக் காலம் முடிந்து குளிர்காலம் தொடங்கும் எல்லையைச் சவுன் என்னும் விழாவாகக் கொண்டாடினர். அந்த இரவில் இறந்தோரின் உலகுக்கும் இருப்போரின் உலகுக்கும் இடையிலான திரை மெலிந்துவிடும் என்பது அவர்களது நம்பிக்கை. பின்னர் கிறிஸ்தவத் திருச்சபை நவம்பர் 1ஆம் திகதியைப் புனிதர் அனைவரின் திருநாளாகக் கொண்டாடியதால், அதன் முந்திய மாலை ஹலோவீன் என்னும் பெயரைப் பெற்றது. அயர்லாந்தில் கிழங்குகளைக் குடைந்து விளக்கேற்றினார்கள். அங்கிருந்து வட அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் இங்கு எளிதில் கிடைத்த பூசணியைக் கையிலெடுத்தார்கள். முன்னோரை நினைத்து உணவு படைக்கும் மரபு எமக்கும் அந்நியமானதன்று.

அயர்லாந்தில் இன்றும் இந்நாளுக்கென்று பாம்பிராக் என்னும் உலர்பழப் பாண் சுடப்படுகிறது. அதனுள் ஒரு மோதிரத்தை மறைத்து வைப்பது வழக்கம். மோதிரம் யாருடைய துண்டில் வருகிறதோ அவருக்கு விரைவில் திருமணம் கைகூடும் என்பார்கள். அழகான வழக்கம்தான். ஆனால் விழுங்குவதில் சிரமம் உள்ளவரோ, சிறு பிள்ளையோ, மறதி நோய் உள்ளவரோ இருக்கும் மேசையில் உணவுக்குள் எந்தப் பொருளையும் மறைத்து வைக்கக் கூடாது. மோதிரத்தைத் தட்டின் அடியில் ஒட்டி வைத்தாலும் விளையாட்டு நடக்கும்.

முதலில் நோயாளியைக் கேளுங்கள்

சமையலைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். ஹலோவீன் தின்பண்டங்களில் வெட்டுண்ட விரல் வடிவ பிஸ்கட், இரத்தம் தோய்ந்த கட்டு, கல்லறைக் கற்கள் நட்ட சொக்கலேட் கேக் ஆகியவை மிகவும் பரவலானவை. நீரிழிவால் கால் விரலை இழந்த ஒருவருக்கு முன் விரல் பிஸ்கட்டை வைப்பது எப்படியிருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நோய் முற்றிய நிலையில் உள்ள ஒருவரின் வீட்டில் கல்லறைக் கேக்கும் அவ்வாறே. அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட சிறுவனுக்கு இரத்தக் கட்டு வேடிக்கையாக இராது.

அதேவேளை, இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு. தம் நோயைப் பார்த்துத் தாமே சிரிப்பதில் ஆறுதல் காணும் நோயாளிகள், எலும்புக்கூடு வடிவில்தான் பிஸ்கட் வேண்டும் என்று கேட்பார்கள். அது அவர்களின் உரிமை. சுற்றியிருப்போர் முகம் சுளிக்கத் தேவையில்லை. ஊகித்து முடிவெடுக்காமல் கேட்டு அறிவதே நல்லது. மறதி நோய் உள்ளவர்களுக்கும், காய்ச்சலாலோ மருந்துகளாலோ மனக்குழப்பத்தில் உள்ளவர்களுக்கும் முகமூடிகளும் மங்கிய ஒளியும் உண்மையான பயத்தை உண்டாக்கும். அவர்கள் இருக்கும் வீட்டில் ஆந்தை, பூனை, வௌவால், பழுத்த மேப்பிள் இலை போன்ற மென்மையான உருவங்களே போதும்.

நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு

வேதிச்சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், கர்ப்பிணிகள், முதியோர் ஆகியோருக்கு உணவிலுள்ள கிருமிகள் பெருந்தீங்கு விளைவிக்கக்கூடும். இலையுதிர்காலத்தின் இரண்டு விருப்ப உணவுகள் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, குச்சியில் குத்திக் கரமல் பாகில் தோய்த்த அப்பிள். 2014ஆம் ஆண்டு அமெரிக்காவில் கடைகளில் விற்கப்பட்ட கரமல் அப்பிள்களால் லிஸ்டீரியா என்னும் கிருமி பரவி 35 பேர் நோயுற்றனர், அவர்களில் ஏறக்குறைய அனைவரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், உயிரிழப்புகளும் நேர்ந்தன. கொதிக்கும் பாகில் தோய்த்த பழத்தில் கிருமி எவ்வாறு வாழ்ந்தது என்ற வியப்பு எழலாம். ஆய்வாளர்கள் கண்ட விளக்கம் இது: குச்சியைக் குத்தும்போது பழத்தின் சாறு கசிந்து மேற்றோலுக்கும் பாகுக்கும் இடையே ஓர் ஈரப்படலமாகத் தங்குகிறது. தோலில் ஏற்கெனவே இருந்த கிருமிக்கு அந்த ஈரமே உணவாகிறது. பழத்தை அறை வெப்பத்தில் வைத்திருந்தால் அது விரைந்து பெருகுகிறது. ஆகவே குச்சி அப்பிளைத் தவிர்த்து, நன்கு கழுவிய அப்பிளை உண்ணும் வேளையில் துண்டுகளாக வெட்டி, சிறு கிண்ணத்தில் உள்ள பாகில் தொட்டு உண்பது பாதுகாப்பானது. உண்மையில் பல்லுக்கும் அதுவே எளிது.

இரண்டாவது, தோட்டங்களில் பிழிந்து விற்கப்படும் அப்பிள் சாறு. 1996ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் வெப்பப்பதனம் செய்யப்படாத அப்பிள் சாற்றினால் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் பலர் கடுமையான இ.கோலி தொற்றுக்கு ஆளாகினர். ஒரு குழந்தை இறந்தது. புட்டியில் 'பாஸ்ச்சரைஸ்' செய்யப்பட்டது என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவ்வாறு இல்லையெனில் சாற்றை நன்கு கொதிக்கவைத்து ஆறவிட்டுக் கொடுங்கள். கறுவாவும் இஞ்சியும் இட்டுக் கொதிக்கவைத்த அப்பிள் சாறு குளிர்ந்த மாலைக்கு மிகவும் ஏற்றது.

பிள்ளைகள் பிஸ்கட் மாவைப் பிசையும்போது ஒரு விரலை நக்கிப் பார்ப்பது இயல்பு. பச்சை முட்டை ஆபத்து என்பதைப் பலர் அறிவர்; பச்சை மாவும் ஆபத்து என்பது அவ்வளவாக அறியப்படவில்லை. கோதுமை மாவு வயலிலிருந்து வந்து அரைக்கப்படுகிறதே தவிர, கிருமி நீக்கப்படுவதில்லை. 2016ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2017இலும் கனடாவின் பல மாகாணங்களில் மாவினால் இ.கோலி பரவியது. ஆகவே மாவைச் சுவைக்கும் வழக்கத்தை இந்த ஆண்டு நிறுத்திவிடுங்கள். முட்டை வெண்கருவை அடித்துச் செய்யும் 'மெரங்' பேய்கள் மிகக் குறைந்த சூட்டில் உலர்த்தப்படுபவை. அவற்றுக்கு வெப்பப்பதனம் செய்து பெட்டியில் விற்கப்படும் வெண்கருவையே பயன்படுத்துங்கள்.

விருந்து மேசை மாலை முழுவதும் விரிந்து கிடப்பது மற்றொரு சிக்கல். 4 முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். எனவே சமைத்த உணவு, பால் சேர்ந்த பண்டம், வெட்டிய பழம் ஆகியவற்றை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பரப்பாமல் சிறு தட்டுகளாக வெளியே எடுங்கள். நோயாளிக்குரிய பங்கை, பிள்ளைகளின் கைகள் படுவதற்கு முன்பே தனியே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

கறுப்பு நிறத்தின் பின்னால்

ஹலோவீனின் நிறம் கறுப்பு. மருத்துவ நோக்கில் மேசையில் மிகுந்த கவனம் தேவைப்படுவதும் அதுவே.

கறுப்பு ஐஸ்கிரீம், கறுப்பு பாண், கறுப்பு எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுக்குச் சிலர் ஊக்குவிக்கப்பட்ட கரித்தூளைச் சேர்க்கிறார்கள். நஞ்சுண்டவர்களுக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் கொடுக்கப்படும் கரியும் இதுவே. வயிற்றில் உள்ள நஞ்சை ஈர்த்துப் பிடிப்பதற்காகவே அது கொடுக்கப்படுகிறது. நஞ்சையும் மருந்தையும் பிரித்தறியும் ஆற்றல் கரிக்கு இல்லை. அன்று காலை விழுங்கிய வலிப்பு மருந்தையோ இதய மருந்தையோ அது பிடித்துக்கொண்டு, உடல் உறிஞ்சாதபடி செய்துவிடக்கூடும். நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் எவரும் கரித்தூள் உணவைத் தவிர்க்க வேண்டும்.

சிலந்தியின் கால்களுக்காகக் கறுப்பு லிக்கரிஸ் மிட்டாயைப் பயன்படுத்துவார்கள். அது எமது அதிமதுர வேரிலிருந்து எடுக்கப்படுவது. அதிலுள்ள கிளிசரைசின் என்னும் பொருள் உடலில் பொட்டாசியத்தைக் குறைத்து, உப்பையும் நீரையும் தேக்கி, இரத்த அழுத்தத்தை உயர்த்தும். 40 வயதைக் கடந்தவர்கள் நாளொன்றுக்கு 2 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 57 கிராம் கறுப்பு லிக்கரிசை இரண்டு வாரங்களுக்கு உண்டால் இதயத் துடிப்பு சீர்குலையக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது. கேக்கின் மேலுள்ள ஒரு சிலந்திக் கால் அவ்வளவுக்கு வராது. ஆனால் மீதமான பொதியை மேசையில் வைத்துத் தாத்தா நாள்தோறும் கொறிக்கத் தொடங்கினால் கதை வேறு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், டிகொக்சின் அல்லது சிறுநீர் பெருக்கி மருந்து உட்கொள்வோரும் அதைத் தொடாதிருப்பதே மேல்.

நிறங்களால் இன்னொரு குழப்பமும் உண்டு. அடர்ந்த கறுப்பு, ஊதா நிறமிகளை உண்ட மறுநாள் மலம் பச்சையாகவோ கறுத்தோ போகலாம். பீட்ரூட் உண்டவர்களில் சிலருக்குச் சிறுநீர் சிவக்கும். இவை பெரும்பாலும் தீங்கற்றவை. ஆனால் குடற்புண் உள்ளவருக்கோ, இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவருக்கோ கறுத்த மலம் உட்குருதிப் பெருக்கின் அறிகுறியாகவும் இருக்கலாம். நிறமியா குருதியா என்று வீட்டில் இருந்தபடி உறுதிசெய்ய இயலாது. இத்தகையோர் அடர்நிறப் பண்டங்களைத் தவிர்த்துக்கொள்வது வீண் அச்சத்தையும், அதைவிட முக்கியமாக வீண் அலட்சியத்தையும் தடுக்கும். பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்குத் தயாராகுபவர்கள் சிவப்பு, ஊதா நிற ஜெலியையும் பானங்களையும் உண்ணக் கூடாது என்பது உங்களுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தல் தாளிலேயே இருக்கும்.

கறுப்பு வேண்டுமெனில் கவுனி அரிசி, கொக்கோ, கறுப்பு ஒலிவ் ஆகியவை உள்ளன.

சிறுநீரக நோயாளரின் தட்டு

இரத்தச் சுத்திகரிப்புச் செய்துகொள்வோருக்கு ஹலோவீன் மேசையில் மறைந்துள்ள எதிரி பொட்டாசியம். தோலுரித்த வாழைப்பழத்தை நிமிர்த்தி வைத்து இரண்டு சொக்கலேட் கண்களைப் பதித்தால் 'வாழைப்பேய்' தயாராகிவிடும். பிள்ளைகளின் விருந்துகளில் காணாத இடமில்லை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 420 மில்லிகிராம் பொட்டாசியம் உண்டு. வேகவைத்து மசித்த பூசணி ஒரு கப்பில் 550 மில்லிகிராமுக்கும் மேல் உண்டு. இரத்தம் போலத் தோன்றும் தக்காளிச் சாறும், உலர் திராட்சை ஈக்களும், சொக்கலேட்டும் இதே வரிசையில் நிற்பவை. உப்புக்குப் பதிலாக விற்கப்படும் சில 'குறைந்த சோடியம்' உப்புகள் பொட்டாசியம் குளோரைட்டினால் ஆனவை. அவற்றைச் சமையலில் சேர்ப்பது நன்மை செய்வதாக எண்ணித் தீமை செய்வதாகும்.

நட்சத்திர வடிவத்துக்காகச் சிலர் நட்சத்திரப் பழத்தை வெட்டி அடுக்குவார்கள். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அப்பழம் நஞ்சு. அதிலுள்ள நச்சுப்பொருளை அவர்களின் உடலால் வெளியேற்ற இயலாது. விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு, மரணம் வரை கொண்டுசெல்லக்கூடும். ஒரு துண்டுகூட வேண்டாம்.

அப்பிளே இங்கு உற்ற துணை. பாதி அப்பிளில் ஏறக்குறைய 100 மில்லிகிராம் பொட்டாசியம் மட்டுமே உண்டு. அதை வாய் வடிவில் வெட்டி, இடையில் வெண்ணிறப் பாலாடைக்கட்டியைத் தடவி, கூர்நுனியாக வெட்டிய அப்பிள் சீவல்களைப் பற்களாகச் செருகினால் பூத வாய் கிடைத்துவிடும்.

சீனியும் பழச்சாறும்

நீரிழிவு உள்ள பிள்ளையை மிட்டாய் சேகரிக்க விடலாமா என்ற கேள்வி ஆண்டுதோறும் எழுகிறது. விடலாம். எத்தனை மிட்டாய் உண்ணலாம், அதற்கேற்ப இன்சுலின் எவ்வளவு என்பதை முன்கூட்டியே நீரிழிவுப் பராமரிப்புக் குழுவிடம் பேசிக்கொள்ளுங்கள். இருட்டில் வீடு வீடாக நடப்பது உடற்பயிற்சியாகும். சீனி ஏறுவதைவிட இறங்குவதே அன்று முதலில் நிகழலாம். இரத்தச் சீனி 4.0 மில்லிமோல்/லீற்றருக்குக் கீழே இறங்கினால் 15 கிராம் விரைவுச் சீனி வேண்டும். குளுக்கோஸ் மாத்திரையோ 150 மில்லிலீற்றர் பழச்சாறோ அதற்குப் பொருத்தமானவை. பை நிறையச் சொக்கலேட் இருக்கிறதே என்று அதைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

பழச்சாறுகளைக் கலந்து செய்யும் விருந்துப் பானத்தில் கிரேப்ஃபுரூட் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கொழுப்பைக் குறைக்கும் சில மருந்துகளையும், உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பின் கொடுக்கப்படும் டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றையும் அது இரத்தத்தில் அளவுக்கு மீறி உயர்த்தும். ஆக்சாலிபிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து பெற்றவர்களுக்குச் சில நாட்களுக்குக் குளிர்ந்த பானம் தொண்டையில் ஊசி குத்துவது போன்ற உணர்வைத் தரும். அவர்களுக்கு ஐஸ் இடாமல் வெதுவெதுப்பாகக் கொடுங்கள்.

விழுங்கச் சிரமப்படுவோர்

திராட்சைப் பழங்களும், சிறு தக்காளிகளும், லிச்சியும் பேயின் கண்களாக மேசைக்கு வரும். உருண்டையும் வழுவழுப்பும் சேர்ந்த இவை மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ளும் தன்மை உடையவை. சிறு பிள்ளைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுக்க வேண்டும். அலங்காரத்துக்குக் குத்தப்படும் பற்குச்சிகளையும் பரிமாறுமுன் அகற்றுங்கள்.

பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றல் குறைந்தவர்களுக்கு 0 முதல் 7 வரையான பன்னாட்டு அளவுகோலின்படி உணவின் பதம் குறித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். கெட்டியாக்கிய பானம் மட்டுமே அருந்த அனுமதிக்கப்பட்டவருக்கு ஜெலியும் ஐஸ்கிரீமும் மென்மையான உணவுதானே என்று தோன்றும். அவை வாயின் சூட்டில் உருகி நீராகிவிடும். அந்த நீர் நுரையீரலுக்குள் சென்றால் நிமோனியா வரக்கூடும். அத்தகையவருக்கு ஏற்ற பண்டம் அடுத்த பகுதியில் உள்ளது.

மூன்று பண்டங்கள்

சிலந்தி வலைப் பூசணி சூப் நான்கு பேருக்குப் போதுமானது. குடைவதற்காக விற்கப்படும் பெரிய பூசணி நார் மிகுந்து நீர்ச்சுவையாக இருக்கும். சமையலுக்குச் சிறிய இனிப்புப் பூசணியை வாங்குங்கள். விளக்காக வாசலில் வைத்திருந்த பூசணியைச் சமைக்கவே கூடாது. தோல் நீக்கிய பூசணி 500 கிராம், ஒரு வெங்காயம், 2 பூண்டுப் பற்கள், ஒரு சிறு துண்டு இஞ்சி, அரைத் தேக்கரண்டி சீரகத்தூள் ஆகியவற்றை 3 கப் நீரில் மென்மையாகும்வரை வேகவைத்து, மசித்து, வடிகட்டி, அரைக் கப் தேங்காய்ப்பால் சேருங்கள். கிண்ணத்தில் ஊற்றிய பின், சற்று நீர்க்கக் கலக்கிய யோகட்டைச் சுருள் வட்டமாக ஊற்றி, கரண்டிக் காம்பினால் நடுவிலிருந்து வெளிநோக்கி இழுத்தால் வலை தோன்றும். உடல் எடை குறைந்தவருக்கு வெண்ணெயோ பால்மாவோ சேர்க்கலாம். விழுங்கச் சிரமப்படுவோருக்குப் பேச்சு, விழுங்கற் சிகிச்சையாளர் சொன்ன பதத்துக்குக் கெட்டியாக்குங்கள். வலைக்கும் அதே பதம் வேண்டும். சிறுநீரக நோயாளி விரும்பினால், பூசணியைச் சிறு துண்டுகளாக வெட்டி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும்; எவ்வளவு உண்ணலாம் என்பதை உணவியலாளரிடம் கேட்டறியுங்கள்.

வேதிச்சிகிச்சையால் இனிப்பு கசப்பவர்களுக்கும் வாய்ப்புண் உள்ளவர்களுக்கும் பேய்க் கிழங்குப் படையல் உகந்தது. அரைத்த கோழி இறைச்சி 300 கிராமைச் சிறிதளவு வெங்காயத்துடனும் கரட்டுடனும் நன்கு வேகவைத்து, இறைச்சியின் உட்சூடு 74 பாகை செல்சியஸை எட்டியதை உறுதிசெய்யுங்கள். மிளகாய் வேண்டாம். நான்கு உருளைக்கிழங்குகளை அவித்துப் பாலும் வெண்ணெயும் சேர்த்து மசித்து, பொலித்தீன் பையில் நிரப்பி, ஒரு மூலையை வெட்டி, இறைச்சியின்மேல் சிறு சிறு கூம்புகளாகப் பிழியுங்கள். ஒவ்வொரு கூம்பும் ஒரு பேய். அவித்த பச்சைப் பட்டாணியைப் பாதியாக வெட்டிக் கண்களாக்குங்கள். அவனில் மேற்புறம் உலராத அளவுக்கு மட்டும் சூடாக்குங்கள். கைகளில் வலுக் குறைந்தவர்களும் இருந்த இடத்திலிருந்தே கண்களைப் பதிக்கலாம். நோயாளிக்கு விருந்தில் ஒரு வேலை கிடைப்பது உணவைப் போலவே தேவையானது.

மூன்றாவதற்குச் செய்முறை தேவையில்லை. சிவப்பரிசி இடியப்பத்தைத் தட்டில் கலைத்துப் பரப்பினால் சூனியக்காரியின் கூந்தல். முகத்துக்கு நன்கு வெந்த வட்டமான முட்டை ரொட்டி, மூக்குக்கு அவித்த கரட் துண்டு, அருகில் மஞ்சள் சொதி. இந்நாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள் இடியப்பத்தைப் போட்டிபோட்டு உண்ணும் அதிசயம் அன்று நிகழக்கூடும்.

ஒவ்வாமை

வட அமெரிக்காவில் சில வீட்டு வாசல்களில் நீலப்பச்சை நிறம் பூசிய பூசணியைக் காணலாம். உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு மிட்டாய்க்குப் பதிலாகச் சிறு பொம்மையோ பென்சிலோ இங்கு கிடைக்கும் என்பதற்கான அடையாளம் அது. வகுப்புக்குப் பண்டம் அனுப்புவோர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: கனடாவின் முதன்மை ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் நிலக்கடலை, முட்டை, பால் ஆகியவற்றுடன் எள்ளும் கடுகும் இடம்பெற்றுள்ளன. எமது தாளிப்பிலும் பலகாரங்களிலும் இவை இரண்டும் எளிதில் கலந்துவிடும். வீட்டுப் பலகாரத்துக்குப் பெயர்ச்சீட்டு எழுதும்போது இவற்றை மறவாமல் குறிப்பிடுங்கள்.

புகையும் சுடரும்

பானக் கிண்ணத்திலிருந்து வெண்புகை எழச் செய்வதற்கு உலர்பனிக்கட்டி பயன்படுத்தப்படுகிறது. அது -78.5 பாகை செல்சியஸில் உள்ள கரியமில வாயு. வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துவிடும். துண்டு தவறி வயிற்றுக்குள் சென்றால் உட்புறம் புண்ணாகிவிடும். தனித்தனிக் குவளைகளில் ஒருபோதும் இடக் கூடாது. மூடிய அறையில் அந்த வாயு தேங்குவதால், நுரையீரல் நோயாளி இருக்கும் வீட்டில் அதை முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் ஒட்சிசன் பயன்படுத்துபவர் இருந்தால் பூசணிக்குள்ளும் மேசையிலும் மெழுகுதிரிக்கு இடமில்லை. மின்கல விளக்கையே வையுங்கள். ஒட்சிசன் செறிந்த சூழலில் சிறு சுடரும் துணியையும் தலைமுடியையும் கணத்தில் பற்றவைக்கும்.

நோயாளி மருத்துவமனையில் தங்கியிருந்தால், வீட்டு உணவைக் கொண்டுவருவதற்கு முன் பிரிவின் தாதியரிடம் கேளுங்கள். பெயரும், சமைத்த திகதியும், அதில் உள்ள பொருட்களும் எழுதிய மூடிய பாத்திரத்தில் கொண்டுவாருங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு அன்புடன் நீட்டிவிடாதீர்கள். அவருக்கு மறுநாள் அறுவைச் சிகிச்சை இருக்கலாம். பிள்ளைகள் வேடமணிந்து வர விரும்பினால் முழு முகமூடியைத் தவிர்த்து, தொப்பியும் மேலங்கியுமாக வரட்டும்.

மறுநாள் மீதமான சூப்பையும் கிழங்கையும் ஒருமுறை மட்டும் நன்கு கொதிக்கச் சூடாக்கி உண்ணலாம். நோயெதிர்ப்பு குறைந்தவருக்கு 24 மணி நேரத்துக்குப் பின் எஞ்சியதைக் கொடுக்க வேண்டாம். பிள்ளைகள் கொண்டுவந்த மிட்டாய்களில் உறை கிழிந்தவற்றையும், பெயர்ச்சீட்டு இல்லாதவற்றையும் எறிந்துவிடுங்கள். கறுப்பு லிக்கரிஸ் பொதி இருந்தால் அதைத் தாத்தாவின் கைக்கு எட்டாத தட்டில் வையுங்கள்.